மூன்று சிவப்பு விளக்குகள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் உங்களிடம் நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360, சோனியின் பிளேஸ்டேஷன் 3, நின்டென்டோவின் வீ என்று டிவியோடு இணைத்து வீடியோ கேம் ஆடும் மூன்று கன்சோல்களின் காலத்தில் உங்களை அதிகம் ஏமாற்றியது எது? 2005 கடைசியில் தொடங்கி 2013 வரை ஓடிய தலைமுறை அது. கணக்கு வைப்பவர்கள் ஏழாவது என்பார்கள். ஒரு மஞ்சள் பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. ரிச்சி தெரு மாடி அறை ஒன்றில் பதினான்கு வருடம் கன்சோல் பழுதுபார்த்தவனுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. அப்போதும் எல்லோரும் புலம்பிக்கொண்டேதான் படியேறி வந்தார்கள்.

எக்ஸ்பாக்ஸ் 360இன் சிவப்பு வளையம் என்கிறார்களே, உள்ளே உடைந்ததுதான் என்ன? பெட்டியைத் துண்டால் சுற்றி வைத்தால் சரியாகிவிடும் என்று என் அண்ணன் இன்றும் சாதிக்கிறார்.
*வாசகர், திண்டுக்கல்*

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதுதான் வம்பே.

பவர் பொத்தானைச் சுற்றி நான்கு கால்வட்ட விளக்குகள் உண்டு. நல்ல நாளில் பச்சை. மூன்று சிவப்பாக மின்னினால் வன்பொருள் போய்விட்டது என்று அர்த்தம். போனது பெரும்பாலும் கிராபிக்ஸ் சிப்பின் பக்கம். அந்தச் சிப்புக்கு நாம் பழைய ரேடியோவில் பார்த்த மாதிரிக் கால்கள் கிடையாது. அடியில் கடுகு அளவுக்குக்கூட வராத, பற்றவைக்கும் சால்டர் உருண்டைகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக இருக்கும். மதர்போர்டோடு அதைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான். சிப்புக்குள்ளேயும் இதைவிட நுணுக்கமான இணைப்புகள் உண்டு. விளையாடும்போது எல்லாம் சூடேறி விரியும், அணைத்ததும் குளிர்ந்து சுருங்கும். சிப் விரிகிற அளவும் போர்டு விரிகிற அளவும் ஒன்றல்ல. ஒரு கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் பட்டென்று முறியுமே, அதே கதை. 2021இல் மைக்ரோசாஃப்ட் தன் வரலாற்றைத் தானே ஆவணப்படமாக எடுத்து வெளியிட்டபோது, இப்படிச் சூடேறி ஆறுவதில் உள்ளிணைப்புகள் அறுந்ததுதான் காரணம் என்று ஒப்புக்கொண்டது. ஐரோப்பாவில் 2006 ஜூலையிலிருந்து ஈயத்துக்குத் தடை வந்ததால் தொழிற்சாலைகள் ஈயமில்லாத சால்டருக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. என் தொழிலில் பலர் அதன் மேலும் பழி போடுவார்கள். போதாததற்கு, கிராபிக்ஸ் சிப்புக்கு நேர் மேலே டிவிடி டிரைவ் உட்கார்ந்திருக்கும். அதனால் அந்தச் சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்ற வைத்த ஹீட் சிங்க், பக்கத்துச் சிப்பினுடையதைவிடக் குள்ளமானது. மூடியைத் திறந்த முதல் நாளே எனக்குச் சிரிப்பு வந்தது. அடுப்பின் மேல் அட்டத்தை இறக்கிக் கட்டிய கொத்தனார் வேலை அது.

இனி துண்டு வைத்தியம். காற்றோட்டத்தை அடைத்துப் பெட்டியை அளவுக்கு மீறிச் சுட வைத்தால், விரிசல் விட்ட இடங்கள் விரிந்து ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். எந்திரம் எழுந்துவிடும். சளிக்கு ஆவி பிடித்தால் மூக்கு ஒரு மணி நேரம் திறக்கும், பிறகு பழையபடி அடைத்துக்கொள்ளும் அல்லவா, அவ்வளவுதான். தீப்பிடிக்கிற ஆபத்து தனி. நான் சூடான காற்று ஊதும் ஹீட் கன் பிடித்துச் செய்த வேலையும் இதே ஜாதிதான் என்பதை ஒளிக்க மாட்டேன். “இது வைத்தியம் இல்லை, வாய்தா” என்று சொல்லித்தான் காசு வாங்கினேன். உருண்டைகளை மொத்தமாகச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பதித்தால் கொஞ்சம் நாள் வரும். சிப்புக்குள்ளேயே அறுந்திருந்தால் அதுவும் வீண்.

2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் இந்தப் பழுதுக்கு மட்டும் உத்தரவாதத்தை மூன்று வருடமாக்கி, 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. எந்திரம் வெளிவந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆன பிறகு, ஊரே கத்திய பிறகு. ஆனாலும் ஒதுக்கியது. அதனால் என் பட்டியலில் சிவப்பு வளையத்துக்கு முதலிடம் இல்லை. எந்திரம் என்றால் கெடும். கெட்டதை ஒப்புக்கொண்டு காசை எடுத்து வைத்தால் பாதி கோபம் இறங்கிவிடும். (அந்த மூன்று சிவப்பு விளக்கையே பிற்பாடு சுவரொட்டியாக அச்சிட்டு விற்றார்கள். அப்போது இறங்கிய கோபம் கொஞ்சம் ஏறியது.)

அப்படியானால் உங்கள் பட்டியலில் முதலிடம் எதற்கு?
*வாசகர், கோயம்புத்தூர்*

2010 ஏப்ரல் 1. முட்டாள்கள் தினம், ஆனால் செய்தி நிஜம்.

பிளேஸ்டேஷன் 3 வந்தபோது அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கணினியாகவும் பயன்படுத்தலாம் என்று சோனி சொன்னது. பெட்டிக்குள் அதற்கென்று தனி வசதியே இருந்தது. அதை நம்பி வாங்கிய மாணவர்கள் உண்டு, ஆய்வுக்கூடங்கள் உண்டு. அமெரிக்க விமானப்படை 1,700க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 3களை ஒன்றாகக் கோத்து ஒரு மீக்கணினியே கட்டியது. பிறகு, எந்திரத்தின் பாதுகாப்புப் பூட்டை உடைக்க ஒருவர் அந்த வழியைப் பயன்படுத்தினார். சோனி பாதுகாப்பு என்று காரணம் சொல்லி, 3.21 என்ற புதுப்பிப்பில் அந்த வசதியை எடுத்துவிட்டது. கட்டாயம் இல்லை, விரும்பாதவர்கள் புதுப்பிக்க வேண்டாம் என்றார்கள். புதுப்பிக்காவிட்டால் இணையத்தில் யாரோடும் விளையாட முடியாது, இனி வரும் விளையாட்டுகளும் ஓடாது.

கிரயம் செய்து குடிபோன வீட்டுக்கு, விற்றவர் நான்கு வருடம் கழித்து வருகிறார். கையில் செங்கல், சிமென்ட். “கொல்லைக் கதவை அடைக்கப்போகிறேன். வேண்டாமென்றால் சொல்லுங்கள், வாசல் கதவை அடைத்துக்கொள்கிறேன்” என்கிறார். இதற்குப் பெயர் விருப்பமா? அமெரிக்காவில் வழக்குப் போட்டு, எட்டு வருடம் இழுத்து, கடைசியில் ஆளுக்கு அதிகபட்சம் 65 டாலர் என்று சமரசம் ஆனது. சிவப்பு வளையம் வந்த பெட்டி கெட்டுப்போனது. இந்தப் பெட்டி கெடவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் உள்ளிருந்து ஒன்றை உருவிக்கொண்டு போனார்கள். நான் மன்னிக்காதது இதைத்தான்.

2007இல் 39,990 ரூபாய் கொடுத்து பிளேஸ்டேஷன் 3 வாங்கினேன். என் நண்பன் மறுவருடம் வாங்கினான். என் பழைய பிளேஸ்டேஷன் 2 டிஸ்க் என் பெட்டியில் ஓடுகிறது, அவன் பெட்டியில் ஓடவில்லை. அவனுக்குப் போலியைத் தலையில் கட்டிவிட்டார்களா?
*வாசகர், மதுரை*

போலி இல்லை. சிக்கனம்.

முதலில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வந்த பெட்டிகளுக்குள் பிளேஸ்டேஷன் 2இன் சிப்புகளையே வைத்திருந்தார்கள். ஒரு வீட்டுக்குள் இரண்டு குடித்தனம். அமெரிக்காவில் 499, 599 டாலர் என்று விலை வைத்தும் கட்டுப்படியாகவில்லை. 2007 மார்ச்சில் ஐரோப்பாவுக்கு அனுப்பியதில் முக்கியமான சிப் ஒன்றை எடுத்துவிட்டு மென்பொருளால் சமாளித்தார்கள். அந்த வருடக் கடைசியில் 40 ஜிபி மாடல் வந்தபோது மிச்சமிருந்ததையும் எடுத்துவிட்டார்கள். பெயர் அதே, முகம் கிட்டத்தட்ட அதே.

பழைய சாமான் கடையில் பார்த்தால் நான் செய்வது இது. பெட்டியின் முகத்தில் யுஎஸ்பி துளைகளை எண்ணுவேன். நான்கு இருந்தால் பழைய டிஸ்க் ஓட நல்ல வாய்ப்பு. இரண்டுதான் என்றால் விலை பேசுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பிளேஸ்டேஷன் 3க்கு ஒரு நாள் தேதி தெரியாமல் போனது என்று என் மாமா சொல்கிறார். கதைதானே?
*கல்லூரி மாணவி, தஞ்சாவூர்*

மாமாவை நம்புங்கள். 2010 பிப்ரவரி 28 முடிந்தது. பழைய பருமனான மாடல்களின் உள்கடிகாரம் 2010ஐ லீப் வருடம் என்று நினைத்து 29ஆம் தேதிக்குப் போயிற்று. உலகம் மார்ச் 1இல் இருந்தது. இரண்டுக்கும் ஒத்துப்போகாமல் எந்திரம் குழம்பியது; பலருக்குத் தேதி 2000ஆம் வருடத்துக்கு ஓடிப்போனது. இணையத்தில் நுழைய முடியவில்லை, சில விளையாட்டுகள் திறக்கவே இல்லை. பழைய மாடல் வைத்திருப்பவர்கள் இன்று அதைத் தொடாதீர்கள் என்று சோனியே சொன்னது. ஒரு நாள் கழிந்ததும் தானாகவே தெளிந்துவிட்டது. நான்கால் வகுபடாத வருடத்தில் பிப்ரவரிக்கு 28 நாள் என்பது நம் ஊர் காலண்டர் அச்சடிப்பவருக்குத் தெரியும்.

2011இல் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் முடங்கியதை ஏன் யாரும் பேசுவதில்லை?
*வாசகர், வேலூர்*

நான் பேசுகிறேன். பிளேஸ்டேஷன்காரர்கள் இணையத்தில் ஆடுவதற்குச் சோனி நடத்தும் சேவை அது. ஏப்ரல் 20 அன்று மூடினார்கள். 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரம் களவு போயிருக்கலாம் என்பதை 26ஆம் தேதிதான் சொன்னார்கள். மே நடுவில்தான் படிப்படியாகத் திறந்தார்கள். இழப்பீடாக இரண்டு விளையாட்டுகள் இலவசம். மூடியது சரி. அந்த ஆறு நாள் மௌனம் சரியில்லை.

எச்டி டிவிடி டிரைவை எக்ஸ்பாக்ஸ் 360க்குத் தனியாகக் காசு கொடுத்து வாங்கிய புத்திசாலி நான். இப்போது அதை வைத்து என்ன செய்வது?
*வாசகர், ஈரோடு*

எச்டி டிவிடி என்பது உயர் துல்லியப் படங்களுக்கான டிஸ்க் வடிவம். 2008 பிப்ரவரியில் தோஷிபா அந்த வடிவத்தையே கைவிட்டுவிட்டது. அலமாரியில் புத்தகங்கள் சாயாமல் இருக்க ஓரத்தில் முட்டுக் கொடுக்கலாம். நல்ல கனம்.

வீ ஒரு கன்சோலே இல்லை, கிழவிகளுக்கான பொம்மை என்று என் வகுப்புத் தோழர்கள் கேலி செய்வார்கள். உங்கள் கருத்து?
*வாசகர், புதுச்சேரி*

கிழவிகள் ஆடினார்கள் என்பது எப்போதிலிருந்து குறை ஆனது? பத்துக் கோடிக்கு மேல் விற்ற பெட்டி அது. என் மாமியார் தன் வாழ்நாளில் விளையாடிய ஒரே வீடியோ கேம் அதில் வந்த பௌலிங்தான். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பந்தை உருட்டிவிட்டு, டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்ப்பார், விழுந்ததா என்று.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. மற்ற இரண்டும் உயர் துல்லியப் படம் காட்டிய காலத்தில் வீ 480 வரியோடு நின்றுவிட்டது. புதிய பெரிய டிவியில் அது கண்ணாடி கழற்றிய பார்வை மாதிரித் தெரியும். நண்பரோடு இணையத்தில் ஆட வேண்டுமா? உங்கள் பெட்டிக்கு 16 இலக்க எண். அது போதாது, ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனியாக 12 இலக்க எண். அதை அவரும் உள்ளிட வேண்டும், அவருடையதை நீங்களும் உள்ளிட வேண்டும். ஒரு இலக்கம் தவறினால் முதலிலிருந்து. பேங்கில் லாக்கர் திறக்கும் சடங்கு இதைவிடச் சுருக்கம். ஆரம்பத்தில் கன்ட்ரோலரின் மணிக்கட்டுக் கயிறு அறுந்து டிவிகள் உடைந்தன. 32 லட்சம் கயிறுகளை இன்னும் தடிமனாக மாற்றித் தருவதாக நின்டென்டோ அறிவித்தது. இதை நான் ஏமாற்றத்தில் சேர்க்க மாட்டேன். அவ்வளவு ஆவேசமாக வீசியதே ஒரு பாராட்டுதான்.

எக்ஸ்பாக்ஸ் 360க்கான கினெக்ட் கேமரா வாங்கினேன். கன்ட்ரோலரே வேண்டாம், உடம்பே கன்ட்ரோலர் என்றார்கள். என்னை அது ஆளாகவே மதிக்கவில்லை.
*வாசகர், அம்பத்தூர்*

உங்கள் ஹால் எத்தனை அடி? அதற்கு ஒரு ஆள் ஆறடி தள்ளி நிற்க வேண்டும். இரண்டு பேர் என்றால் எட்டடி. பத்துக்குப் பத்து அறையில் ஸ்டாண்டு, டிவி, கட்டில், இஸ்திரிப் பெட்டி வைத்த ஸ்டூல் எல்லாம் போக மிஞ்சுவது நாலடி. 2010 நவம்பரில் வந்து 60 நாளில் 80 லட்சம் விற்றுக் கின்னஸ் ஏடேறிய கருவி அது. விற்ற வேகத்தைச் சொன்னவர்கள் அறையின் அளவை அவ்வளவு சத்தமாகச் சொல்லவில்லை.

குதிரைக் கவசம் என்று பழைய ஆட்டக்காரர்கள் ஏன் இன்னும் பல்லைக் கடிக்கிறார்கள்?
*வாசகர், சேலம்*

2006 ஏப்ரலில் ‘ஆப்லிவியன்’ என்ற விளையாட்டில் உங்கள் குதிரைக்கு ஒரு கவசம் விற்றார்கள். விலை 200 மைக்ரோசாஃப்ட் புள்ளிகள், அதாவது இரண்டரை டாலர். பிரமாதமான பயன் எதுவும் கிடையாது, பார்வைக்குப் பளபளப்பு. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் நிறையப் பேர் வாங்கவும் செய்தார்கள் என்பதுதான் வினையானது.

எனக்குக் கவசத்தைவிட அந்தப் புள்ளிகள் மேல்தான் வயிற்றெரிச்சல். 80 புள்ளிக்கு ஒரு டாலர். ஏன் 100 இல்லை? மனக்கணக்கில் விலை பிடிபடக் கூடாது. புள்ளிகளைக் கட்டாகத்தான் வாங்க முடியும்; 500 வாங்கி 200 செலவழித்தால் 300 நிற்கும். அந்த 300ஐத் தீர்க்க இன்னும் எதையாவது வாங்கத் தோன்றும். சில்லறை இல்லை என்று மிட்டாய் கொடுக்கும் கடைக்காரரை நாம் திட்டுகிறோம். அவர் மிட்டாயையாவது கையில் கொடுக்கிறார். 2013இல் அந்தப் புள்ளிகளை ஒழித்தார்கள். கவசம் விற்கும் பழக்கம் ஒழியவில்லை. 2012இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்’ டிஸ்க்கிலேயே 12 வீரர்களைப் பூட்டி வைத்து, சாவிக்குத் தனிக் காசு கேட்டார்கள். டிஸ்க் உங்கள் அலமாரியில் இருக்கும், வீரனும் அதற்குள்தான் இருப்பான்.

ஸ்கைரிம் என்ற விளையாட்டு என் நண்பனின் எக்ஸ்பாக்ஸில் நன்றாக ஓடியது. என் பிளேஸ்டேஷன் 3இல் 60 மணி நேரம் ஆடிய பிறகு நத்தையாகிவிட்டது. நான் என்ன பாவம் செய்தேன்?
*வாசகர், திருநெல்வேலி*

நிறைய ஆடிய பாவம். நீங்கள் கீழே போட்ட கத்தி, திறந்த பெட்டி, கொன்ற ஓநாய் எல்லாவற்றையும் அந்த விளையாட்டு நினைவில் வைத்துக்கொள்ளும். சேமிப்புக் கோப்பு வீங்கும். எக்ஸ்பாக்ஸ் 360இல் 512 எம்பி நினைவகம் ஒரே குவியல். எங்கே வேண்டுமோ அங்கே அள்ளிக்கொள்ளலாம். பிளேஸ்டேஷன் 3இலும் மொத்தம் 512தான், ஆனால் நடுவில் சுவர்: இந்தப் பக்கம் 256, அந்தப் பக்கம் 256. ஒரு பக்கம் நிரம்பி வழிந்தாலும் மறுபக்கத்து இடம் சுலபமாக உதவாது.

பிளேஸ்டேஷன் 3இன் மூளையான செல் சிப்பையும் சொல்ல வேண்டும். ஒரு மேஸ்திரி, விளையாட்டுக்கென்று ஆறு சித்தாள். சித்தாள் ஒவ்வொருவரிடமும் 256 கிலோபைட் கொள்ளும் ஒரு சட்டி மட்டும். மேஸ்திரி வேலையைச் சட்டி அளவுக்குப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்தவரானால் கட்டடம் மளமளவென்று எழும். சோனியின் சொந்த ஸ்டூடியோக்கள் அப்படிச் செய்துகாட்டின. பல எந்திரங்களுக்கும் ஒரே விளையாட்டை விற்க வேண்டிய வெளிநிறுவனங்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. எக்ஸ்பாக்ஸ்காரர்கள் 2012 ஜூனில் ஆடிய ஸ்கைரிம் கூடுதல் பாகம் உங்களுக்கு 2013 பிப்ரவரியில்தான் வந்தது. நீங்கள் வாங்கியது பலவீனமான எந்திரம் இல்லை. முரட்டு எந்திரம்.

எல்லோருடைய ஏமாற்றத்துக்கும் பதில் சொல்கிறீர்கள். உங்களுடையது?
*வாசகி, திருச்சி*

கேட்டுவிட்டீர்கள். எந்த நிறுவனத்தின் பெட்டி என்று மட்டும் கேட்காதீர்கள்.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. பண்ணை வைத்து மாடு வளர்க்கும் விளையாட்டு ஒன்றைப் பதினோரு மாதம் ஆடினாள். பள்ளிவிட்டு வந்ததும் சீருடையோடு உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் டிபன். ஒரு நாள் ஹார்டு டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. நானே திறந்திருக்கலாம். உத்தரவாதம் இருந்தது, முத்திரையைக் கிழித்தால் அது போய்விடும் என்று ஒரு சேவை மையத்தில் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து வந்தது. துடைத்து, கண்ணாடித் தாளில் சுற்றி, ரசீதோடு. உள்ளே புது டிஸ்க். பழையது எங்கே என்றேன். திருப்பித் தரும் வழக்கம் இல்லை என்றார்கள்.

மகள் ஓடிவந்து போட்டாள். திரையில் ஒரு கட்டம், “உங்கள் பெயர் என்ன?” அவள் கன்ட்ரோலரைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அப்பா, என் பெயரைக் கேட்கிறது.” அழவில்லை. பிறகு தன் பெயரை அடிக்கவும் இல்லை. அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று இரவு என் கடை ரசீதுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தாளின் அடியிலும் பொடி எழுத்தில் நானும் அச்சடித்து வைத்திருந்தேன்: “சேமிப்புகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல.” அடுத்த புத்தகத்தில் அந்த வரியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில், பெட்டியைக் கொண்டுவருபவரிடம் உள்ளே யாருடைய ஆட்டம் இருக்கிறது என்று முதலில் கேட்கப் பழகினேன்.

எனக்கு 11 வயது. அப்பாவின் எக்ஸ்பாக்ஸ் 360உம் ஒரு பெட்டி நிறைய டிஸ்க்கும் பரணில் கிடைத்தன. இப்போதும் விளையாட முடியுமா, மாமா?
*நாகர்கோவில்*

முடியும், கண்ணா. அந்தப் பெட்டிக்கான இணையக் கடையை 2024 ஜூலை 29 அன்று மூடிவிட்டார்கள். புதிதாக அதில் எதுவும் வாங்க முடியாது. டிஸ்க்குக்கு அந்தக் கவலை இல்லை. முதலில் பின்பக்கத் துளைகளில் அடைந்திருக்கும் தூசியை அப்பாவை எடுக்கச் சொல். டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் பெட்டியைத் தள்ளாதே, மூச்சுவிட நாலு பக்கமும் இடம் வேண்டும். டிஸ்க் சுற்றும்போது பெட்டியைப் படுக்கையிலிருந்து நிமிர்த்தவோ நிற்பதைச் சாய்க்கவோ கூடாது. டிஸ்க்கில் வட்டமாக ஒரு கோடு விழும், அதை என்னாலும் எடுக்க முடியாது. துடைக்க வேண்டுமானால் பழைய பருத்தி வேட்டித் துண்டு போதும். வட்டமாகத் துடைக்காதே. நடுத்துளையிலிருந்து ஓரத்துக்கு நேராக இழு.

அப்புறம், உள்ளே அப்பாவின் பழைய ஆட்டம் இருக்கும். அழிப்பதற்கு முன் அவரைக் கூப்பிட்டுக் காட்டு.